ஒவ்வொரு வரியும் இரண்டு முறை

நகரத்துச் சிறிய திரையரங்கு ஒன்றில் ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்தேன். அதில் ஒரு பெண் அவித்த முட்டையை உரிக்கிறாள். ஓட்டுக்குள் இன்னோர் ஓடு. அதையும் உரிக்கிறாள். உள்ளே இன்னொன்று. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. ஆங் மோ கியோவில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போதே மூன்று வரி எழுதிவிட்டேன்.

அந்த நடுக்கம் ஒருவருக்காவது தொற்ற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு, போயும் போயும், எங்கள் மாதாந்திரக் கவியரங்கத்துக்கு அதை எடுத்துப் போனேன்.

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தின் மாடியில் அது நடக்கும். அங்கே ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதல் முறை காதுக்கு, இரண்டாம் முறை கைதட்டலுக்கு. பத்திரிகையில் பிரதி திருத்துபவன் நான். கூறியது கூறலை வெட்டுவதே என் பிழைப்பு. எந்தப் படம் பார்த்து எழுதியது என்று சொல்லிவிட்டு, ஒரு முறைதான் வாசித்தேன். தலைவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விடவில்லை. ஒலிவாங்கியை இழுத்துத் தாமே திருப்பிச் சொன்னார்.

“வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தது நான்.”

“கதவைத் திறந்தது… நான்!” என்று முழங்கினார் தலைவர். கைதட்டல்.

“‘யார் வேண்டும்?’ என்று என்னைக் கேட்டேன்.”

அவர் திருப்பிச் சொல்வதற்குள் முன்வரிசைப் பெண்மணி குறுக்கிட்டார். “லிஃப்ட்டுல மாடி மாறி இறங்கிட்டீங்களா சார்? எல்லாம் ஒரே மாதிரி கதவு லா. போன வாரம் நானும் அடுத்தவங்க வீட்டுல சாவியப் போட்டுக் குடைஞ்சேன். ஒரு சீனத் தாத்தா திறந்தாரு.”

“அவரும் கவிஞரா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒரே சிரிப்பு. காகிதத்தை மடித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று தோன்றியது. மிச்சம் ஒரு வரிதான். வாசித்தேன்.

“உள்ளிருந்து அம்மா சொன்னாள்: வெளியில் நிற்கிற பிள்ளையையும் சாப்பிடச் சொல்லு.”

“உள்ளிருந்து அம்மா…” என்று தொடங்கிய தலைவர் நிறுத்தினார். ஒலிவாங்கியைக் கீழே வைத்தார்.

“சொல்லுங்க ஐயா,” என்றார் அந்தப் பெண்மணி.

“வேணாம்மா. இத ரெண்டாவது தடவ நான் சொல்ல மாட்டேன்.”

யாரும் கைதட்டவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளவாவது விட்டாரா? கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“அடுத்த மாசமாவது நல்ல படமா பாருங்க சார். அடுத்தது யாரு? வாங்க, வாங்க.”