ஐந்து மணி ஏலிஸ்

பிரான்சின் தூலோன் நகரில் இன்று மழை இல்லை, காற்று மட்டும்தான். செல்பேசியில் அதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு மர்த் ஸ்வெட்டரை மாட்டிக்கொள்கிறார். புதுச்சேரியில் இது மே மாதம். மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. அவர் கழுத்துவரை பொத்தான் போடுகிறார். வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். செல்பேசியோடு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் இருக்கும் பழைய தொலைபேசி மணியடிக்கிறது.

அதன் பக்கத்து நாற்காலியில் காத்திருக்கும் அவருடைய தாயார் மதாம் ஜூஸ்தின் கையால் துழாவி ரிசீவரை எடுக்கிறார். எண்பது தாண்டியவர். பார்வை போய்விட்டது, காது மட்டும் கூர்மை.

"அலோ. ஏலிஸா? சா வா மா? நல்லா இருக்கியா?"

"சா வா மமா. இங்க ஒரே காத்து. ஜன்னலத் தெறக்க முடியல."

பதில் இரண்டு முறை வருகிறது. முதலில் கதவின் வழியாக, பிறகு ஒரு மூச்சு தாமதித்து ரிசீவரின் வழியாக. மர்த்தைப் பற்றி எழுத வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இரண்டும் கேட்கின்றன.

"ஸ்வெட்டர் போட்டுகிட்டியா?"

"போட்டுகிட்டுத்தான் மமா பேசறேன்."

அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் ஆயம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார். அரியாங்குப்பத்திலிருந்து வந்து இந்த வீட்டில் சமைப்பவர். "நான் பாலத்தத் தாண்டி பஸ் புடிச்சு இங்க வந்து சேர்றதுக்குள்ள உசுரு போவுது. பிரான்சப் பாருங்க சார், இந்தக் கதவுக்கு அந்தாண்ட இருக்குது."

ஏலிஸ், மர்த்தின் அக்கா. கல்யாணமாகித் தூலோனுக்குப் போனவர், தினமும் மாலை ஐந்து மணிக்கு அம்மாவைக் கூப்பிடுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கேயே மாரடைப்பில் இறந்தார். அந்த வாரம்தான் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். இங்கே மாதா கோவிலில் ஏலிசுக்காக ஒரு பூசை வைத்தார்கள். அதில்கூடப் பெயரை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் மர்த் கேட்டுக்கொண்டார். வாசித்தால் யாராவது வந்து அம்மாவிடம் சொல்லிவிடுவார்கள்.

அம்மா வீடு திரும்பிய முதல் நாள் மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. ஆறுக்கும் அடிக்கவில்லை. அம்மா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் மர்த் தன் செல்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போனார்.

அவருக்குக் குரல்தான் தொழில். நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது ஆண்டுகளாகத் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காருங்க, லைன்ல இருங்க." தெருவில் எதிர்ப்படும் முன்பின் தெரியாதவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டு நின்று திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அக்காவின் குரலில் கொஞ்சம் கரகரப்பு அதிகம், பேசுமுன் ஒரு சின்னச் சிரிப்பு. அம்மாவை மமா என்பார். மர்த்துக்கு எப்போதும் அம்மா. அவ்வளவுதான் வித்தியாசம் என்று மர்த் நினைத்திருந்தார்.

அப்போது அவர் வேலைக்குப் போய்க்கொண்டே மாற்றவியல் மேற்படிப்பில் சேர்ந்திருந்தார். கடற்கரைக்குப் பக்கத்தில், மஞ்சள் மதில் போட்ட ஒரு பழைய வீட்டில் நடக்கும் சிறிய துறை அது. நர்சுகள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலையை உதறிவிட்டு வந்தவர்கள் படிக்கிறார்கள். ஊரைப் பற்றியோ புத்தகத்தைப் பற்றியோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. ஆய்வு செய்பவர் தானே மாறியிருக்க வேண்டும். மாறியதை எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வில் துறைத்தலைவர் நெடுமாறன் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்வி: "முன்னால செஞ்ச எதை இப்ப செய்யறதில்ல?"

மர்த் தன் ஐந்து மணி அழைப்புகளையே ஆய்வாக எழுதினார். கேள்விக்கு அவர் சொன்ன பதில் இன்றும் துறையில் பேசப்படுகிறது.

"முன்னாடி வீட்ல நிறைய பேசுவேன் சார். இப்ப பேசறதில்ல."

மௌனத்தை அடைந்தவர் என்று பாராட்டிப் பட்டம் கொடுத்தார்கள். அந்த மௌனத்துக்குக் காரணத்தை அவர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். "அம்மா காது அப்படி சார். பகல்லாம் நான் பேசிட்டிருந்தா அஞ்சு மணிக்குக் கண்டுபுடிச்சிடுவாங்க. அதனால கொறச்சிகிட்டே வந்தேன். சாப்பாடு வெச்சா தட்டத் தட்டுவேன். மாத்திரன்னா உள்ளங்கையில வெப்பேன். அப்புறம் பழகிடுச்சு."

துறையின் கூடத்தில் சாதனையாளர் சுவர் என்று ஒன்று இருக்கிறது. படித்து முடித்தவர்களுக்கு இரண்டிரண்டு புகைப்படங்கள். சேர்ந்த நாளில் ஒன்று, முடித்த நாளில் ஒன்று. சிறையில் இருப்பவர்களுக்குக் கதை சொல்லப் போகிறவர், குருசுக்குப்பத்தில் மீனவப் பெண்களை வைத்து நாடகம் போடுகிறவர், குடியை நிறுத்தியதோடு நிற்காமல் தெருவில் பாதிப் பேரையும் நிறுத்த வைத்தவர் எல்லோரும் அங்கே சிரிக்கிறார்கள். மர்த்தின் முதல் படத்தில் நேர் வகிடு. இரண்டாவதில் இடது வகிடு, தலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை நான் முன்பே பார்த்திருந்தேன், மதாம் ஜூஸ்தினின் அலமாரிக்குமேல் இருக்கும் ஏலிசின் கல்யாணப் படத்தில்.

நாடகம் போடும் சுடர்விழி, மர்த்தோடு படித்தவர். சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னார்: "நாங்கள்லாம் சர்ட்டிபிகேட்டுலதான் மாறினோம். எங்க செட்டுலயே நெஜமா மாறினவ இவ ஒருத்திதான். ஆனா ஒண்ணு. முந்தி நண்டு வறுவல்னா எங்க தட்டுலேருந்தே எடுத்துத் தின்னுட்டுப் போவா. இப்ப தொட மாட்டா. ஏன்டின்னு கேட்டா, எனக்கு அலர்ஜின்றா. யாருக்கு அலர்ஜின்னு நான் கேக்கல."

பட்டம் பெற்ற பிறகு வேறு வீடுகளிலிருந்தும் மர்த்தைத் தேடி வந்தார்கள். பிள்ளைகள் பிரான்சில், பெற்றோர் பென்ஷனோடு இங்கே. அப்படிப்பட்ட வீடுகள் இந்த ஊரில் ஏராளம். தேவதாஸ் என்ற முன்னாள் பிரெஞ்சு ராணுவக்காரருக்கு, மார்செய்யில் இருக்கும் மகளின் சம்மதத்தோடு, ஞாயிறுதோறும் மர்த் மகளாகப் பேசினார். போன மாதம் ஒரு புதன்கிழமை மகளே கூப்பிட்டிருக்கிறார். "நீங்க யாரும்மா? எம் பொண்ணு ஞாயித்துக்கிழமதான் பேசுவா" என்று சொல்லிக் கிழவர் போனை வைத்துவிட்டார். துறையின் செய்திமடலில் மர்த்தின் சாதனைகளோடு இதுவும் வெளிவந்தது. அன்றோடு வெளிவீட்டு அழைப்புகளை மர்த் நிறுத்திக்கொண்டார்.

"மேசை மேல செல்போன வெச்சிட்டு மூஞ்சத் தண்ணியில கழுவினேன் சார். ரொம்ப நேரம் கழுவினேன்" என்றார்.

ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டேன். "பொய் எவ்ளோ கொறச்சலா இருக்கோ அவ்ளோ நல்லது. போட்டுகிட்டியான்னு கேட்டா, போட்டுகிட்டேன்னு நெஜமா சொல்லலாம் இல்ல?" வானிலை பார்ப்பதும் அதற்காகத்தான். அவ்வளவு கூர்மையான காதுக்குக் கதவு வழியாக வரும் குரல் கேட்காமல் இருக்குமா என்றும் கேட்டேன். மர்த் வளையலைத் திருகிக்கொண்டே இருந்தார். "அத மட்டும் நான் தீசிஸ்ல எழுதல."

நான் அங்கே போன இரண்டாவது மாலை, வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும் மதாம் ஜூஸ்தின் ரிசீவரை வாயோடு சேர்த்துப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏலிஸ், ஒண்ணு கேக்கறேன், மறைக்காத. மர்த்துக்கு என்னாச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"வீட்ல யாரோ நடக்கறாங்க. தட்டத் தட்றாங்க. கையில மாத்திர வெக்கறாங்க. அவ குரலே கேக்கல. யாரும் எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறாங்க."

"அவ நல்லாத்தான் இருக்கா மமா."

"நீயும் அவங்களோட சேந்துக்காத."

வெளியே வந்தபோது மர்த்தின் ஸ்வெட்டர் முதுகில் ஒட்டிக்கிடந்தது. அதை அவிழ்க்காமலேயே தாயின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அம்மா. நான் மர்த்தும்மா. இங்கதான் இருக்கேன்" என்றார்.

மதாம் ஜூஸ்தின் முகத்தைத் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு பிடியிலிருந்து கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "நல்ல பொண்ணுதாம்மா நீ. ஆனா ஏலிஸ் மாதிரி பேசிக் காட்டாத."

அதுதான் நிலைமை. தன் பழைய குரலை மர்த்தால் தேடி எடுக்க முடியவில்லை. நிறுத்தினால் அம்மா சாப்பிடாமல் கிடப்பார். தொடர்ந்தால் இந்த வீட்டில் மர்த் என்று ஒருத்தி இருக்கமாட்டாள். அவருக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. சனிக்கிழமை துறையின் சாதனையாளர் நாள். இந்த ஆண்டு மர்த்தைக் கௌரவிக்கிறார்கள். "அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். மேடையில எம் பேரச் சொல்லுவாங்க. வேற யாரோ, மைக்குல, சத்தமா. அம்மா காதுல அது விழணும். அதுக்கப்புறம் ஒரு தரம் என்னப் பேர் சொல்லிக் கூப்ட்டாப் போதும்."

சனிக்கிழமை காலை மதாம் ஜூஸ்தினைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆயம்மா தள்ளிக்கொண்டு வந்தார். நல்ல கூட்டம். முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சாதித்தவரின் பெயரை வாசித்தால் கைதட்டக் கூடாது. மற்ற எல்லோரும் எழுந்து தலை தாழ்த்திச் சற்று நேரம் மௌனமாக நிற்க வேண்டும். கைதட்டலில் கர்வம் வரும், மௌனத்தில் பணிவு வரும் என்பது நெடுமாறனின் கொள்கை. அங்கே படித்த எல்லோருக்கும் அது அவ்வளவு பழகிப்போயிருந்தது. மர்த்துக்கும்தான். அதனால் அந்த மௌனம் அம்மாவின் காதில் எப்படி விழும் என்பது அவருக்கும் முன்கூட்டியே தோன்றவில்லை.

நெடுமாறன் ஒலிபெருக்கியில் நிதானமாக வாசித்தார். "மர்த். ஜூஸ்தின் அம்மையாரின் இளைய மகள்."

நாற்காலிகள் நகர்ந்தன. கூடம் முழுவதும் எழுந்து நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

மதாம் ஜூஸ்தின் தலையைத் தூக்கி அந்த மௌனத்தைக் கேட்டார். வலது கை நெற்றிக்குப் போயிற்று, நெஞ்சுக்கு வந்தது, இரண்டு தோள்களையும் தொட்டது. உதடுகள் அசைந்தன. இறந்தவர்களுக்காகச் சொல்லும் செபத்தை அவர் முழுவதுமாகச் சொல்லி முடித்தார். பிறகு ஆயம்மாவின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது சொன்னாங்களே" என்றார்.

மேடைமேல் மர்த் பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலையும் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்து நெருங்கியதும் பழக்கத்தில் மர்த் வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஸ்வெட்டரைக் கையில் எடுத்தார். உள்ளறைக் கதவின் ஓரமாக இருந்த நாற்காலி முதுகில் அதைப் போட்டுவிட்டு வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். "இன்னைக்குக் கூப்ட மாட்டேன்" என்று என்னிடம் உதட்டை மட்டும் அசைத்தார்.

ஐந்து அடித்தது. தொலைபேசி மணி வரவில்லை. மதாம் ஜூஸ்தின் கொஞ்சம் பொறுத்திருந்தார். பிறகு தானே ரிசீவரை எடுத்தார்.

"அலோ, ஏலிஸ்? அவ அங்க வந்துட்டாளா?"

டயல் டோன் என் இடம்வரை கேட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். யாரோ பேசும்போது இடையிடையே ம் கொட்டுவதுபோல ம் கொட்டினார்.

"வந்துட்டாளா? அப்பாடி. குடு அவகிட்ட."

"அம்மா, நான் இங்க..." என்றார் மர்த்.

மதாம் ஜூஸ்தின் உள்ளங்கையை உயர்த்தினார். "இரும்மா. எம் பொண்ணு லைனுக்கு வரா."

அடுப்படி வாசலில் ஆயம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். மர்த் எழுந்தார். மேசைமேல் கிடந்த வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றிக்கொண்டார். உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். செல்பேசி மேசையிலேயே கிடந்தது.

"அம்மா? நான் மர்த் பேசறேன்."

கதவு வழியாக மட்டும்தான் வந்தது அந்தக் குரல். மதாம் ஜூஸ்தின் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். முகம் விரிந்தது.

"மர்த்! மர்த்தா! போய்ச் சேந்துட்டியாடி கண்ணு? எவ்ளோ நாளாச்சு உங் குரலக் கேட்டு. அங்க குளிரா இருக்குதா? ஸ்வெட்டர் போட்டுகிட்டியா?"

பிறகு கதவு கொஞ்சமாகத் திறந்தது. வளையல் போட்ட கை ஒன்று வெளியே வந்தது. நாற்காலி முதுகிலிருந்து ஸ்வெட்டரைத் தடவி எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.