பூட்டாத பாதை

சண்டைக் காலம். ஊர்களுக்கு இடையிலான பாதையை ராணுவம் நினைத்த நேரம் பூட்டிவிடும். புளியந்தீவில் வேலை பார்த்த நான், உன்னிச்சையில் தங்கச்சியோடு இருந்த அப்பாவைப் பார்க்கப் போனேன். அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கி நாளாகியிருந்தது.

"மகன், இவள் எனக்குச் சோறே தாறல்ல," என்று அழுதார். தங்கச்சியை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

பகல் நானே மீனில் முள் எடுத்து, அப்பாவுக்குச் சோறு ஊட்டினேன். கைகழுவி வருவதற்குள் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மகன் வந்திருக்கான். ஒரு வாய் சோறு தரல்ல."

தங்கச்சி என்னைக் குத்திக்காட்டவில்லை. "அண்ணன், ரெண்டு நாள் நில்லுங்க. நான் கொஞ்சம் நித்திரை கொள்ளணும்," என்று மட்டும் கேட்டாள்.

"ஆமி பாதையைப் பூட்டினா மாட்டுப்பட்டிருவன், தங்கச்சி," என்று சொல்லிவிட்டு அன்றே கிளம்பினேன்.

அந்தக் கிழமை முழுக்க யாரும் பாதையைப் பூட்டவில்லை. அப்பா சொன்ன பொய்யாவது நோயில் வந்தது.