மறக்க வேண்டி ஜெபித்தேன்

ஆண்டவருக்குள் அன்பான சபையாரே, இதைச் சொல்ல வந்து நிற்கும்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விழுங்கினால் இன்னும் குமட்டும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

நான் குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா இல்லை. அம்மா மஞ்சூர் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர், சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். எங்களுக்கு வீடு என்று இருந்தது எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு அறை. அதுவும் அம்மா வேலையில் இருக்கும்வரைதான். ஜூன் மாதம் அவருக்கு ஓய்வு, அன்றே சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். என் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போக வாடகை வீடெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு ஆங்கிலத் தேர்வில் பாஸாக வேண்டும். எழுதுவதும் படிப்பதும் எனக்கு வந்துவிட்டது. பேசுவதில்தான் இரண்டு தரம் தோற்றேன்.

தோற்காமல் என்ன செய்வேன்? நான் பேசவே இல்லையே, ஒப்பித்தேன். குன்னூரில் கோச்சிங் கிளாஸ் நடத்திய சார் முதல் நாளே கேட்டார். "அம்மா என்ன வேலைங்க?"

"கொழுந்து பறிக்கிறாங்க சார்."

முகத்தைச் சுளித்தார். "அதெல்லாம் அங்க எடுபடாதுங்க. டீச்சர்னு போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கிளாஸில் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேருக்கும் ஒரே அம்மா! டீச்சர். ரோஜா வளர்ப்பார். ஞாயிற்றுக்கிழமை கேக் செய்வார். நாங்கள் வரிசையாக எழுந்து அந்த ஒரே அம்மாவைப் பற்றி ஒரே குரலில் சொல்வோம். சார் தலையாட்டுவார். உவ்வே!

லீவில் லயத்துக்கு வந்தால் அங்கேயும் அதே பாட்டு. இருக்கிறது ஒரு அறை. நான் சுவரைப் பார்த்து என் டீச்சர் அம்மாவைப் பற்றி இங்கிலீஷில் புகழ்ந்துகொண்டிருப்பேன். பெற்ற அம்மா மூலையில் உட்கார்ந்து, விரலில் ஏறிய கொழுந்துக் கறையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியம் எனக்கு.

பிப்ரவரியில் மூன்றாவது தேர்வு. இதுதான் கடைசி வாய்ப்பு என்று அந்த ஆஸ்பத்திரி எழுதிவிட்டது. அதற்கு முந்தின வாரம் எங்கள் லயத்தில் வீட்டு ஜெபம் வைத்தோம். உங்களில் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். "படிச்சதுல ஒரு வரிகூட இந்தப் பிள்ளைக்கு மறக்கக்கூடாது ஆண்டவரே" என்று உருகி ஜெபித்தீர்கள். முடிந்ததும் பாஸ்டரம்மா, "எங்கே, கொஞ்சம் பேசிக் காட்டும்மா, கேப்போம்" என்றார்.

எழுந்து நின்று அந்தப் பொய்யைக் கடகடவென்று கொட்டினேன். மை மதர் இஸ் எ டீச்சர். நீங்கள் கை தட்டினீர்கள். யாரோ ஆமென் என்றுகூடச் சொன்னீர்கள். அம்மா தேத்தண்ணித் தட்டோடு கதவருகே நின்றிருந்தார். டீச்சர் என்ற வார்த்தை யாருக்குத் தெரியாது?

எல்லாரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நான் டீச்சராவே இருந்துட்டுப் போறேன் புள்ள. ஒனக்கு வேல கெடைச்சா சரி. ஆனா ஒரு நாளு என்னைய அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனா, இது யாருன்னு சொல்லுவ?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேதுரு இயேசுவை மறுதலித்ததாவது பயத்தில். நான் மதிப்பெண்ணுக்காக அல்லவா மறுதலித்தேன்! வெளியே குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன். எத்தனை தரம் கொப்பளித்தும் அந்தக் கசப்பு போகவில்லை. ஈரத் தரையிலேயே முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இவங்க கேட்டதைக் கொடுக்காதேயும். அந்த டீச்சரை என் தலையிலிருந்து துடைச்சுப்போடும். ஒரு வரி விடாம மறக்கப் பண்ணும்" என்று அழுதேன். ஆமாம், உங்கள் எல்லாருடைய ஜெபத்துக்கும் எதிராகத்தான் ஜெபித்தேன்.

கோயம்புத்தூரில் தேர்வு. எதிரே ஒரு அம்மையார். நீங்கள் மதிக்கிற ஒருவரையும் அவர் செய்யும் வேலையையும் பற்றிப் பேசுங்கள் என்றார். மனப்பாடப் பதில் அச்சாகப் பொருந்துகிற கேள்வி! பழைய ஆசை எட்டிப் பார்த்தது, ஒளிக்க மாட்டேன். வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. இரண்டு வருஷம் ஒப்பித்ததில் முதல் வரிகூட இல்லை. ரோஜா இல்லை, கேக் இல்லை. ஜெபித்தது நான்தானே என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கண்ணுக்குள் வந்தது அம்மாவின் கறுத்த விரல்கள்தான். அதைச் சொன்னேன். மழைக்கு இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டு சரிவில் நிற்பதைச் சொன்னேன். தட்டுத் தடுமாறித்தான் பேசினேன், தப்பும் இருந்தது. காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைக்கு இங்கிலீஷில் என்னவென்று தெரியாமல் விரலை நெளித்துக் காட்டினேன். அந்த அம்மையார் சிரித்துவிட்டு, "கடித்தால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். உப்பு வைப்பார்கள், பிறகு மறுபடி பறிப்பார்கள் என்றேன். மூன்று தேர்வில் ஒரு மனுஷியோடு நான் பேசியது அன்றுதான்.

பாஸானேன். தேவையான மதிப்பெண்ணுக்கு ஒரு புள்ளிகூட மேலே இல்லை. அதுவும் ஆண்டவர் கிருபை. அம்மாவிடம் சொன்னபோது, "அட்டையப் பத்தியுமா சொன்ன? மானத்த வாங்கிட்டியே புள்ள" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதம் கிளம்புகிறேன். வேலை உறுதியான தைரியத்தில் மஞ்சூரில் ஒரு வீடு எடுத்துவிட்டோம். அம்மாவுக்கு ஓய்வு என்று யாரும் சாவி கேட்காத வீடு.

உங்களில் யாராவது ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு, அதைக் காப்பாற்றும்படி ஜெபித்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அதைப் பிடுங்கிப்போடும்படி அவரிடம் கேளுங்கள். கை வெறுமையாகிவிடும் என்று பயப்படாதீர்கள். எனக்கு ஆகவில்லை.

அன்றைக்கு எங்கள் லயத்தில் நீங்கள் ஆமென் சொன்னது என் பொய்க்கு. இன்றைக்கு உண்மையைச் சொல்கிறேன், கேளுங்கள். அதோ, மூன்றாவது வரிசையில் ஓரமாகக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் அம்மா. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவர். இதற்குச் சொல்லுங்கள், ஆமென்.