இருட்டு நடை

1996 ஒக்டோபர் 9, புதன்கிழமை. வழக்கம்போல ஐந்தே முக்காலுக்கு எழுந்து, தேநீர் குடித்து, மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு மோர்னிங்சைட் தெருவில் பஸ் ஏறினேன். அலுவலகத்தில் பென்சில்களைச் சீவி, மேசையைத் துடைத்து, வரையத் தொடங்கினேன்.

எங்கள் தலைவர் அறுபதைத் தாண்டிய ஜப்பானியக் கட்டடக் கலைஞர். பூச்சில்லாத கொங்கிறீற்றுச் சுவர், அதில் ஒரேயொரு வெட்டு, அதன் வழியாக விழும் வெயில். வேறு அலங்காரம் அவருக்குப் பிடிக்காது. இருட்டைக் கடந்து வருபவருக்குத்தான் வெளிச்சம் கண்ணில் படும் என்பார். அவர் வரைந்த கோட்டைத் திருத்தச் சொன்ன ஒருவர் அந்தக் கோடையில் வேலையை இழந்திருந்தார். கனடா வந்தபின் நான் படித்த தொழிலில் கிடைத்த முதல் வேலை இது. ஆகவே வாய் திறவாமல் வரைவேன்.

ஸ்காபரோவில் முதியோருக்கு ஒரு மண்டபம் கட்டவிருந்தோம். வாசலில் தாழ்ந்த கூரையுள்ள ஒடுங்கிய நடைவழி. நடுவே ஒரு திருப்பம். அதைத் தாண்டினால் வெளிச்சம் நிறைந்த மண்டபம். அந்த நடையை மட்டும் பலகையால் முழு அளவில், வெறுமையாகக் கிடந்த ஒரு களஞ்சியத்துக்குள் செய்திருந்தார்கள். வயதானவர்கள் அதில் நடப்பதைப் பார்க்கத் தலைவர் விரும்பினார். அன்று பிற்பகல், எங்கள் மாடிக்கட்டடத்தில் இருக்கும் அன்ரியையும் அவர் கணவரையும் கூட்டிப்போனேன்.

“உதென்ன பிள்ளை, யன்னல் ஒண்டும் இல்லை. உவருக்குக் காசு முடிஞ்சுதோ?” என்றார் அன்ரி.

“யன்னல் இருந்தா நீர் ஊர்ப்புதினம் பாப்பீர். அதுதான் அடைச்சிட்டார்,” என்றார் அங்கிள்.

சிரித்தபடியே உள்ளே போனோம். திருப்பத்தில் வெளிச்சம் அறுந்தது. வெளியே லொறியிலிருந்து எதையோ தொப்பென்று இறக்கினார்கள். அன்ரி என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“குந்து பிள்ளை. நிக்காதை. வாயைத் திற, இல்லாட்டிக் காது அடைச்சுப்போகும்.”

அங்கிள் ஏற்கனவே குந்தித் தலையைக் கைகளால் மூடியிருந்தார். நானும் குந்தினேன். கைப்பையின் வாரைப் பற்களுக்கிடையில் கடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஊரில் சண்டைக்காலத்தில் பதுங்கிய பங்கர் குழிக்கு இப்படித்தான் வாசல் வெட்டுவோம், குண்டுச் சிதறல் நேரே உள்ளே பாயாதபடி ஒரு திருப்பம் வைத்து. வாரக்கணக்காக நானே வரைந்த திருப்பம் இது. தாளில் அது அழகான கோடாகவே இருந்தது.

மறுமுனையில் காத்திருந்த தலைவர், ஒருவரும் வராததால் உள்ளே வந்து எங்களைக் கண்டார்.

“சப்பாத்து லேஸ் கட்டக் குந்தினனான் எண்டு சொல்லு பிள்ளை,” என்றார் அங்கிள்.

நான் அதைச் சொல்லவில்லை. அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, “இது பங்கர் மாதிரி இருக்கிறது. போரிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் இதற்குள் வரமாட்டார்கள்,” என்று தலைவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர், சிறுவயதில் தன் நகரம் குண்டு விழுந்து எரிந்த இரவில் தாயோடு ஒரு குழிக்குள் இருந்ததைச் சொன்னார். விடியற்காலை யாரோ மூடியைத் தூக்கினார்களாம். அப்போது உள்ளே விழுந்த வெளிச்சத்தையே இத்தனை காலமும் கட்டிவருவதாகச் சொன்னார்.

“நீங்கள் வெளியே வந்ததை நினைக்கிறீர்கள். நாங்கள் உள்ளே போனதை நினைக்கிறோம்,” என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அலுவலகத்துக்குத் திரும்பி வரவில்லை. வேலை போனால் மறுபடியும் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை காலை, அவர் வருவதற்கு முன்பே போய், குளிரங்கியைக்கூடக் கழற்றாமல், படத்தின் மேல் புதிய ட்ரேசிங் தாளை விரித்து, வாசலிலிருந்து மண்டபம் வரை நடையைத் திருப்பமில்லாமல் நேராக வரைந்தேன்.