காது மடலும் கன்னக்குழியும்

எமெமுக்கு ஊயோ நகரப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கடைசி வருடம். காது மடல் ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா, நாக்கைக் குழல்போல் உருட்ட வருகிறதா, கன்னத்தில் குழி விழுகிறதா என்று நானூறு மாணவர்களைப் பார்த்து, ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டா என்று கணக்கிடுவது அவள் ஆய்வு. படிவக் கட்டோடு கேன்டீன் வாசலில் நிற்பாள்.

அறுபத்து மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி ந்சிகான். பொறியியல் இரண்டாம் வருடம்.

"சிரிடா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லேன்."

"காது ஒட்டினது. நாக்கு உருளும். குழி ரெண்டு பக்கமும்," என்று சொல்லிக்கொண்டே படிவத்தில் குறித்தாள்.

"உனக்கு ஒண்ணுகூட இல்ல. உன்னைப் பெத்தப்போ அம்மாவுக்கு அவசரம்போலக்கா."

இருநூற்று அறுபது பேர் ஆனபோது விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விடுதி காலியானது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ந்சிகான் ஓரோன் படகுத்துறைக்குப் போய்ப் பயணிகள் படகில் உதவியாள் ஆனான். ஜூலை மழையில், கலபார் போகும் வழியில் படகு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் உடல்கள் கரை ஒதுங்கின.

பிணவறைக்குள் வர அப்பாவால் முடியவில்லை. எமெம் போனாள். முகம் ஊதிப்போய் யாரென்றே தெரியவில்லை. குனிந்து காதைப் பார்த்தாள். ஒட்டியிருந்தது. ஒட்டிய காது எத்தனையோ பேருக்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியும். இடது முழங்காலில் அவள் அறிந்த பழைய தையல் தழும்பையும் பார்த்தாள்.

"என் தம்பிதான்," என்றாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அவள் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. தட்டை முன்னால் வைத்தால் மரவள்ளிக் களியை உருட்டிச் சாப்பிட்டாள், எடுத்துக்கொண்டு போனால் விட்டுவிட்டாள்.

அக்டோபரில் பல்கலைக்கழகம் திறந்தது. மீதி நூற்று நாற்பது பேரை ஒன்பது நாளில் முடித்தாள். சிரி, நாக்கை நீட்டு, அடுத்த ஆள் வா.

"சிஸ்டர், நீங்க சிரிச்சாத்தானே நாங்க சிரிப்போம்," என்றான் ஒருவன்.

"பரவால்ல, பல்லைக் காட்டு போதும்."

வழிகாட்டி டாக்டர் எக்காயெத்தெயிடம் பட்டியலைக் கொடுத்தபோது கேட்டாள்: "மேடம், இதுல ஒருத்தர் இப்ப இல்ல. அந்த வரிய எடுத்துடணுமா?"

மேடத்துக்கு விஷயம் தெரியும். அறுபத்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"நீ பார்த்தப்போ இருந்தான்ல. இருக்கட்டும்மா."

கணக்கில் எதற்கும் எதோடும் தொடர்பு வரவில்லை. வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒட்டின காதுக்கும் கன்னக்குழிக்கும்?"

"சம்பந்தம் இல்ல சார்."

"நானூறு பேரப் பார்த்து இதான் கிடைச்சுதா?"

"ஆமா சார்."

தேர்ச்சி பெற்றாள். அடுத்த வருடம் பட்டதாரிகள் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவைக்கு வடக்கே கட்சினாவில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே வெயில் அதிகம். உயிரியல் பாடம் எடுத்தாள். மரபியல் பாடம் வந்தபோது பையன்கள் வரிசையாக நாக்கை உருட்டிக் காட்டினார்கள். எத்தனை பேர் என்று எண்ணிக் கரும்பலகையில் எழுதினாள்.