எங்கள் வாடகைக் காரின் பூர்வீகம்

வாடகைக் கார் தொழிலில் வண்டி ஓடினால் வீட்டில் உலை கொதிக்கும். நின்றால் ஊரே வந்து யோசனை சொல்லும். வண்டி வைத்துப் பிழைத்தவர்கள் எல்லாரும் இந்தப் பாடு பட்டிருப்பீர்கள். எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பழைய குண்டுக் கார். ஓட்டுவது என் வீட்டுக்காரர். மூன்று பிள்ளைகளின் படிப்பும் அதை நம்பித்தான்.

பிறந்த வீடு

ஸ்டாண்டில் யாராவது வெளிநாட்டுக் காரைப் புகழ்ந்துவிட்டால் எங்க வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. "இது நம்ம நாட்டு வண்டி, நம்ம ரோட்டுக்கு இதான் தாங்கும்" என்பார். ஒரு நாள் தேவதானத்துக்குச் சவாரி. பின்னால் உட்கார்ந்திருந்தவர் பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏம்ப்பா, இது இங்கிலாந்துக்காரன் போட்ட வண்டி. அவன்கிட்ட வார்ப்பு அச்சை வாங்கித்தான் இங்க செய்யுதாங்க" என்று போட்டு உடைத்துவிட்டார்.

இவருக்கு முகமே செத்துப்போச்சாம். இறங்கும்போது அந்தப் பெரியவருக்கே மனசு கேட்கவில்லை. தோளைத் தட்டிச் சொன்னாராம்: "பொண்ணு எடுத்த வீடு எங்க இருந்தா என்னப்பா, இம்புட்டு வருசமா உம்ம வீட்டுலதான சோறு பொங்குது!"

தார்ப்பாய்க்கு அடியில்

மில் முதலாளி ஒருவர் கப்பலில் வரவழைத்த கார் வைத்திருந்தார். போனால் சத்தமே கேட்காது. அதில் ஒரு சின்ன ரப்பர் சாமான் போனது. மதுரையில் இல்லை, மெட்ராஸில் இல்லை, அந்த நாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள். கார் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கோழி போய் அடை உட்கார்ந்தது.

ஆண்டாள் கோயிலுக்குப் போக முதலாளி வீட்டில் எங்கள் வண்டியைக் கூப்பிட்டார்கள். வில்லிபுத்தூருக்குப் பாதி வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. பெரிய இடத்துச் சவாரி, இனி கூப்பிடவே மாட்டார்கள் என்று பயந்து இவர் பக்கத்துச் சைக்கிள் கடைக்கு ஓடினார். கடைக்காரர் பழைய ட்யூபை வெட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நடை சாத்துமுன் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சைக்கிள் கடைக்காரர் நல்லா இருக்கணும். முதலாளி கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "எனக்கு வித்தவன் இந்தக் கார் நிக்கவே நிக்காதுன்னான், நின்னா கிளம்பவே கிளம்பாதுன்னு சொல்லல பாரும்!"

மாற்றிக்கொண்டது

தொண்ணூறுகளில் ஜப்பான்காரன் கூட்டில் செய்த சின்னக் கார்கள் ரோடு நிறைய வந்துவிட்டன. சவாரிக்கு வருகிறவர்கள் "சின்ன வண்டி இல்லியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார்கள். எங்கள் வண்டி ஸ்டாண்டிலேயே கிடந்தது. மூத்தவள் காலேஜில் இருந்தாள், மற்ற இரண்டும் பள்ளிக்கூடத்தில். மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, "தாயே, ஒரு வழி காட்டு" என்று அழுதேன்.

வழி, மில் முதலாளி உருவத்தில் வந்தது. அவருக்குக் கூமாப்பட்டிப் பக்கம் தோப்பு. அவர் வீட்டிலிருந்த சின்னக் கார் அந்தக் கரடுமுரடான பாதையில் அடி தட்டியது. "உம்ம வண்டியைக் கொடும், இதை எடுத்துக்கிடும். எங்க நின்னாலும் சைக்கிள் கடைக்காரனே ஓட வச்சிருவான்" என்றார். இவர் பழைய வண்டியின் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கண்ணாடியில் தொங்கிய செபமாலையைக் கழற்றும்போது அழுகை வந்துவிட்டது. முதலாளி பதறிப்போய்ச் சொன்னார்: "அழாதீக தாயி, வண்டி கூமாப்பட்டிக்குத்தான் போகுது, இங்கிலாந்துக்கு இல்ல!"

கிருஷ்ணன்கோவிலில்

சின்னக் காரில் முதல் மதுரைச் சவாரி, வில்லிபுத்தூர் ஜவுளிக்கடைக்காரர் குடும்பத்தோடு. கிருஷ்ணன்கோவில் டீக்கடை வந்ததும் இவர் கை தானாக வண்டியை ஓரங்கட்டியது. இறங்கி, பானட்டைத் திறந்து, தண்ணீர்க் கேனோடு நின்றார். பழைய வண்டியில் அங்கே இன்ஜினை ஆறப்போடுவது வழக்கம். இந்த வண்டிக்குத்தான் சூடே ஏறவில்லையே! செத்த நேரம் பொறுத்துப் பார்த்த ஜவுளிக்கடைக்காரர் தலையை வெளியே நீட்டினாராம்: "அண்ணே, வண்டிக்கு ஒரு களைப்பும் இல்ல, உங்களுக்கு டீ வேணும்னா வாயத் தொறந்து கேளுங்க, வாங்கித் தாரேன்!"

மூன்று பிள்ளைகளும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கும் செபத்தில் இங்கிலாந்துக்காரனையும் ஜப்பான்காரனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர்களுக்கு எங்களைத் தெரியாதது ஒன்றுதான் குறை.