மணி அடித்தால் போன் பெட்டிக்குள்

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி வாசலில் எனக்கு வேலை. உள்ளே போகிறவர்களிடம் செல்போனை வாங்கிப் பெட்டியில் வைத்து, நம்பர் போட்ட டோக்கனைக் கொடுக்க வேண்டும். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் போன் போகக் கூடாது. மத்தியானம் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாப்பாடு. அப்போது மட்டும் போன் கைக்கு வரும். மணி அடித்ததும் மறுபடி பெட்டிக்கு. "அக்கா, ஒரு நிமிசம்" என்று கெஞ்சாத ஆள் இல்லை. ஒரு நொடிகூட யாருக்கும் கொடுத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன வருசம் மருந்து கலக்கிற தம்பி ஒருவரிடம் அப்படித்தான் போனைப் பிடுங்கினேன். ஆன்லைனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் வைத்த பிறகும் திரையில் அவருடைய நேரம் குறைந்துகொண்டே வந்து, ஆள் தோற்றுப்போனார். சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாதவுக கிட்ட என்னத்தப் பேச" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்கே அந்த ஆப்பை இறக்கிவிட்டேன். சாத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து அவர் ஆடுகிற ஆட்டங்களை லைவாகப் பார்ப்பேன். யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஓரத்தில் ஒரு பட்டை ஏறி இறங்கிக் காட்டும். அவர் தப்பாக நகர்த்திப் பட்டை சரியும்போது எனக்குச் சந்தோசம் தாங்காது. ஒரு நாள் நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் விட்டுவிட்டேன். இப்படிப் பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றுக்கொண்டேன்.

ஆறு மாசம் கழித்து ஒரு சாப்பாட்டு நேரத்தில், "வாங்க தம்பி, ஒரு ஆட்டம்" என்றேன். அவரை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டால் போதும் எனக்கு. ஆளுக்குப் பத்து நிமிசம். பேக்கிங் பெண்கள் எல்லாரும் தூக்குவாளியைத் தள்ளி வைத்துவிட்டு அவரவர் போனில் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பட்டை ஏறும்போது அவர்கள் மூச்சை இழுக்கிற சத்தமே எனக்குத் துப்புக் கொடுத்துவிடும் என்று, தம்பி அவர்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டார். மருந்துப் பொடி ஒட்டிய விரல் வழுக்கித் தப்பான கட்டத்தில் விழுந்துவிடும் என்று, காயை நகர்த்திய பிறகு ஒரு டிக்கை அழுத்தினால்தான் போகும்படி போனில் வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அதை நிதானமாக அழுத்துவார்.

அவருடைய ராணியை வெட்டிவிட்டேன். இனி அவர் எதை நகர்த்தினாலும் சரி, என் யானை கடைசி வரிசைக்கு இறங்கினால் ஆட்டம் முடிந்தது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவரோ திரையைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்காகக் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

மணி அடித்தது. சட்டென்று விரலை இழுத்து ஒரு காயை நகர்த்தினார், எழுந்தார், முதல் ஆளாகப் போனைப் பெட்டியில் போட்டார்.

"நகத்திட்டேன்க்கா. மணி அடிச்சிருச்சு. உங்க போனையும் போடுங்க."

ஒரு தொடுதல்தான் பாக்கி. தொடாமல் பூட்டினால் பெட்டிக்குள்ளேயே என் நேரம் ஓடி நான் தோற்றுப்போவேன். பெண்கள் எல்லாரும் ரோட்டைத் தாண்டி வந்து என் கையையே பார்த்தார்கள். இத்தனை வருசமாக நான் நொடி கொடுக்காத பெண்கள். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் போனையும் போட்டுப் பூட்டினேன். அஞ்சு மணி வரைக்கும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அழாத குறைதான்.

அஞ்சு மணிக்குப் பெட்டியைத் திறந்து என் போனை எடுத்தேன். எதிராளிக்கு நேரம் முடிந்தது, நான் வெற்றி என்று போட்டிருந்தது. ரெண்டு தடவை படித்தேன். என்னை மாட்டிவிடுகிற அவசரத்தில் மனுசன் டிக்கை அழுத்தவே இல்லை. காய் நகரவில்லை, ஓடியது அவருடைய நேரம். அங்கேயே ஒரு குதி குதித்துவிட்டேன். பெண்கள் என்னைச் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

அவர் தன் போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "போனத் திருப்பிக் கேட்டிருந்தா, டிக்க அழுத்த ஒரு செகண்டு குடுத்திருப்பீகளாக்கா?"

"மாட்டேன்" என்றேன்.

அன்றைக்கு ரெண்டு ஸ்டாப் தாண்டிப் போய்த்தான் இறங்கினேன்.